பறவை விழுந்த பிறகு நாற்பது நொடி

எங்கள் ஊரில் யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வருகிற பெண், முதல் ஒரு மாதம் இந்தத் தெருவில் எந்நேரமும் சண்டை நடக்கிறது என்றே நினைத்துக்கொள்ளும். சண்டை இல்லை, விசைத்தறி. வீட்டுக்கு நாலு தறி ஓடுகிற தெருவில் சோறு போடச் சொல்வதென்றாலும் கத்தித்தான் சொல்லவேண்டும். கரண்ட் போய்விட்டாலும் சட்டென்று குரலைக் குறைக்க வராது. சங்கரன்கோவிலில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்குக் காது இரைந்தால் அதை யாரும் சீக்கு என்று எடுத்துக்கொள்வதில்லை. தறிக்காது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நடந்ததெல்லாம் இதில்தான் தொடங்கியது என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா எனக்கு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, "பூசி மெழுகாம நடந்தத நடந்தபடி எழுதும் வே. இத எந்தச் செக்‌ஷன்ல போடன்னு எனக்கே பிடிபடல. நீரு எழுதுறதப் பாத்துத்தான் யோசிக்கணும்" என்றார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிகிறது. நான் யாரையும் அடிக்கவில்லை, யார் வீட்டுப் பொருளையும் எடுக்கவில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதவேண்டியிருக்கிறது.

என் பெயர் சாம்சன், வயது முப்பத்தொன்பது. அப்பா சபை உபதேசியாராக இருந்தவர். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோவில்களில் பாட்டுக்குழுவில் நிற்கிற பிள்ளைகளுக்கு ஐந்து கோட்டில் எழுதுகிற மேல்நாட்டு இசைக் குறிப்பை வாசிக்கப் பழக்குவார்கள். நொட்டேஷன் என்போம். பத்து வயதிலேயே அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் கூட்டாளி கோமதிசங்கருக்கு அது ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் பாட்டு அவனுக்குள்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்சு. அவன் சினிமாவுக்கு இசையமைக்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பதினோரு வருஷம் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தோம். பெயர் வந்த பிறகும் அவன் சென்னையில் குடியிருக்கவில்லை. ஊரில் அவன் வீட்டு மாடியைத்தான் ஸ்டுடியோவாக மாற்றினான்.

ஒரு படத்துக்குப் பின்னணி இசை எப்படி ஆகிறது என்று ஐயாவுக்குச் சொல்லவேண்டும். அவன் கீபோர்டில் வாசிப்பான். கம்ப்யூட்டர் அதை வயலின் மாதிரியும் கொம்பு மாதிரியும் பாவனை செய்து காட்டும். டைரக்டர் சரி என்றால், நான் அதை உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதுவேன். பிறகு வெளிநாட்டில் ஒரு ஊரில் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் அதை வாசிப்பார்கள். நாங்கள் இங்கே மாடியில் உட்கார்ந்து இன்டர்நெட்டில் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருப்போம். அவர்களுக்குக் கோமதிசங்கர் யாரென்று தெரியாது. முன்னால் இருக்கிற தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசிப்பார்கள். அந்தத் தாளை எழுதுகிறவன் நான்.

ஒரே ஒரு தடவை நானாக ஒரு சின்ன வரியைச் சேர்த்தேன். பத்துப் பன்னிரண்டு ஸ்வரம் இருக்கும், வயலினுக்குக் கீழே வாசிக்கிற வயோலாவுக்கு. கேட்ட மாத்திரத்தில் அவன் கண்டுபிடித்துவிட்டான். கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு வே. ஆனா நான் போட்டத எழுதினாப் போதும்" என்றான். நான் அழித்துவிட்டேன். அதை மனசில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. ஆறு வருஷம் ஆகிறது. அன்று புதன்கிழமை.

இந்தப் படம் பெரிய படம். பெயரை எழுதவேண்டாம் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மந்திரதந்திரக் கதை. ஒரு ராட்சசப் பறவை. அதன் முதுகில் ஒரு ராஜ்யம். மலை, ஆறு, அரண்மனை, குடிபடை எல்லாமே அதன் முதுகில்தான். கடைசியில் அந்தப் பறவைக்கு வயதாகி, சிறகு ஓய்ந்து, மொத்த ராஜ்யத்தோடும் கடலில் விழும். அந்தக் காட்சிக்குப் பதினோரு நிமிஷம் இசை. அதுமாதிரி ஒன்றை அவன் அதுவரை போட்டதில்லை. எழுபத்திரண்டு பேர் வாசிக்கவேண்டும். ஆனால் பறவை விழுந்து முடிந்த பிறகு நாற்பது நொடிக்கு ஒரே ஒரு வயலின் மட்டும் வைத்திருந்தான். அதுவும் பாதியில் நின்றுவிடும். "மத்த அம்புட்டுப் பேரும் கையக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கணும் வே. அவங்க சும்மா இருக்காங்கன்னு கேக்கவனுக்குத் தெரியணும்" என்றான். ஒரு ராஜ்யமே முங்குகிறது, அதற்கு ஒற்றை வயலினா என்று எனக்கு அப்போதே தோன்றியது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய அன்று காலையில் அவன் எழுந்து வந்து, "ஏலே சாம்சா, எடது காது அடைச்சிருக்கு. உள்ள ஒரே இரைச்சலா இருக்கு" என்றான். நான் தறிக்காது என்றேன். அவன் அம்மா முப்பிடாதியம்மாளும் அதையேதான் சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் மனசறிந்து பொய் சொல்லவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாள் என்பதால் அவன் மனைவி சுமதியால் கிளம்ப முடியவில்லை. நான்தான் அவனை ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன்.

காது டாக்டர் சின்ன வயசு. அவர் மேல் ஒரு குற்றமும் சொல்லமுடியாது. கருவியை மாட்டி டெஸ்ட் எடுத்து முடித்த நேரத்தில் டைரக்டரிடமிருந்து போன் வந்தது. கோமதிசங்கர் நல்ல காதில் போனை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். டாக்டர் என்னிடம், "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். கூடப் பிறந்தவன் என்றேன். அப்படித்தானே இருந்தோம்.

அவர் நிதானமாகச் சொன்னார். "இது தறியால வந்தது இல்ல. உள்ள நரம்புல அடி விழுந்திருக்கு. இன்னைக்கே மாத்திர ஆரம்பிக்கணும். கெடு பதினஞ்சு நாள்தான். முந்திக் குடுக்கக் குடுக்க நல்லது. ரெண்டு நாள்ல கேக்கலன்னா திருநெல்வேலிக்குப் போய்க் காதுக்குள்ள ஊசி போடணும். ரொம்ப அபூர்வமா அடுத்த காதும் போறதுண்டு. ஹெட்போன் தொடவே கூடாது. அவரக் கூப்பிடுங்க, சொல்லிருவோம்." நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். வாசலில் இருபது பேர் காத்திருந்தார்கள். அவரும் சரி என்றுவிட்டார்.

மாத்திரையைக் கீழே இருந்த கடையிலேயே வாங்கினேன். இதை ஐயா குறித்துக்கொள்ளவேண்டும். வாங்காமல் வரவில்லை. கூடவே சளியால் காது அடைத்தால் விடுகிற ஒரு சொட்டு மருந்தும் கேட்டு வாங்கினேன். ஏன் கேட்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

திரும்பி வரும்போது பஸ் கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் அவன், "என்ன சொன்னாரு வே?" என்று கேட்டான். சொல்லத்தான் வாயெடுத்தேன். கொடி ஏறியதிலிருந்து பதினோராம் நாள் ரெக்கார்டிங். டைரக்டருக்கு ஏற்கெனவே கோமதிசங்கர் மேல் அரை மனசு. இன்னொரு இசையமைப்பாளரைப் பேசி வைத்திருந்தது எங்களுக்குத் தெரியும். காது போய்விட்டது, ஹெட்போன் தொடக்கூடாது என்று தெரிந்தால் அன்று சாயங்காலமே படம் கைமாறிவிடும். பதினோரு வருஷம் அவன் காத்துக்கிடந்த படம். நான் என்ன செய்வேன். "சளிதான் வே. சொட்டு மருந்து விடச் சொல்லிருக்காரு" என்று சொல்லிவிட்டேன். அவன் பெருமூச்சு விட்டு, என் தோளில் சாய்ந்து ஊர் வரும்வரைக்கும் தூங்கினான். அந்தத் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

என் கணக்கு எளிமையானது. காது அடைத்த நாளிலிருந்து கெடு பதினைந்து நாள். ரெக்கார்டிங் பதினோராம் நாள். அது முடிந்த கையோடு மாத்திரையைக் கொடுத்துவிடலாம், நாலு நாள் மிச்சம் இருக்கும். மாத்திரை அட்டை என் லேப்டாப் பையின் முன்பக்க அறையில் இருந்தது. அந்தப் பை எப்போதும் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கொடுக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கொடுப்பதற்குத் தோதான நேரம் வரவில்லை.

மூன்றாம் நாள் ஒன்று நடந்தது. அடைத்த காதில் ஸ்வரம் எல்லாம் அரைக்கால் இறங்கிக் கேட்கிறது, நல்ல காதில் சரியாகக் கேட்கிறது, இரண்டும் சேர்ந்தால் எல்லாமே அபசுரமாக இருக்கிறது என்று அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டி, "நீ கேட்டுச் சொல்லு மக்கா. சரியா இருக்கா?" என்றான்.

பதினோரு வருஷத்தில் அவன் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. நான் கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் கொம்பு வாத்தியத்தை ஒரு படி ஏற்றினால் நன்றாக இருக்கும் என்றேன். அவன் மறுபேச்சில்லாமல் ஏற்றினான். அன்றைக்கு நாலு இடத்தில் மாற்றினோம். மறுநாள் பதினாலு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் ஐயா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவனுக்கு உதவியாக இருக்கிறோம் என்கிற சந்தோஷம் அது.

ஐந்தாம் நாள் முப்பிடாதியம்மாள், கோவில் புற்றுமண்ணைக் குழைத்துக் காதுக்குப் பின்னால் பூசினால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றார்கள். திருவிழாக் கூட்டத்தில் அவர்களால் போகமுடியாது. நான் போனேன். வரிசையில் இரண்டு மணிநேரம் நின்று வாங்கிக்கொண்டு வந்து, நானே குழைத்துப் பூசிவிட்டேன். வேதக்காரப் பையன் நம்ம கோவிலில் போய் நின்றிருக்கிறானே என்று அந்த அம்மாள் என் கன்னத்தைத் தடவிக் கண்கலங்கினார்கள். அம்மனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மருந்தைக் கொடுத்துவிட்டு மண்ணையும் பூசியிருந்தால் அவளும் கைகொடுத்திருப்பாள். மருந்து பையில் இருந்தது.

ஆறாம் நாள் சுமதி மாடிக்கே வந்துவிட்டது. "அண்ணே, எனக்கு மனசே சரியில்ல. திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போயிருவமா? டாக்டரு திரும்ப எப்ப வரச் சொன்னாரு?" என்று கேட்டது. திருவிழா முடிந்து வரச் சொல்லியிருக்கிறார் என்றேன். "நீங்க சொன்னாச் சரிதாண்ணே" என்று சொல்லி எனக்குக் காப்பி வைத்துவிட்டுப் போனது. சுமதி அன்றைக்கு என்னை நம்பாமல் இருந்திருந்தால் இன்றைக்கு எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும். ஆனால் நான் நம்பக்கூடாத ஆளாக அதுவரை நடந்துகொண்டதில்லை. அது என் கையில் இல்லாத விஷயம்.

எட்டாம் நாள் வலது காதும் மங்க ஆரம்பித்தது. அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இதுவும் போகுதே மக்கா, நான் என்ன செய்வேன்" என்று அழுதான். முப்பத்தொன்பது வயசு ஆள், சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். பைக்கும் எனக்கும் இரண்டடி தூரம். அப்போது மாத்திரையை எடுத்தால், இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்பான். இரண்டாம் நாளைவிட எட்டாம் நாள் சொல்வது கஷ்டம், ஒன்பதாம் நாள் அதைவிடக் கஷ்டம். டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன், அதே சளி இந்தப் பக்கமும் இறங்கியிருக்கிறது, சொட்டு மருந்தை இரண்டு காதிலும் விடச் சொன்னார் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவன் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுமதி கையைப் பிடித்து இழுத்தபோதுகூட, "ரெக்கார்டிங் முடியட்டும்ட்டி, சளிதான்" என்று அவனே சொன்னான்.

ஒன்பதாம் நாள் அந்தக் காதும் அடியோடு போனது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரை நான்தான் ஓட்டினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். பறவை விழுந்த பிறகு வருகிற அந்த நாற்பது நொடியை நான் பத்தாம் நாள் மத்தியானம் எழுதினேன். எழுபத்திரண்டு பேருக்கும் எழுதினேன். அவன் என் தோளைத் தட்டி, எல்லாம் அனுப்பியாகிவிட்டதா என்று கேட்டான். ஆகிவிட்டது என்று தலையாட்டினேன்.

பதினோராம் நாள் தபசு, திருவிழாவிலேயே பெரிய நாள். ஊரே கோவில் பக்கம் போய்விட்டது, தெருவில் ஒரு தறி ஓடவில்லை. இத்தனை அமைதியான மத்தியானத்தை நான் அந்த மாடியில் பார்த்ததே இல்லை. இரண்டரை மணிக்குத் திரையில் அந்த வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ரா ஹால் வந்தது. அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். காதில் ஒன்றும் விழவில்லை என்பது அவனுக்கும் எனக்கும் வீட்டாருக்கும் மட்டுந்தான் தெரியும். மைக்கில் நான் பேசினேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் என் முகத்தைப் பார்ப்பான், நான் தலையசைப்பேன், அவன் கட்டைவிரலை உயர்த்துவான்.

பறவை விழுகிற இடம் வந்தது. ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டான். அதிர்வாவது தெரியட்டும் என்று. பறவை விழுந்தது. இனி ஒரே ஒருத்தர் வில் மட்டும் அசையவேண்டிய இடம் அது. திரையில் எழுபத்திரண்டு பேரும் சேர்ந்து வில்லைத் தூக்கினார்கள், கொம்பை வாயில் வைத்தார்கள், தாளக்காரர் கோலை ஓங்கினார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. அவனுக்குக் காதுதான் இல்லை. கண் இருந்தது.

ஸ்பீக்கரிலிருந்து கையைச் சட்டென்று எடுத்தான். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கு எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. ஆனால் அவன் கத்தவில்லை. மெதுவாக, தனக்கே கேட்காத குரலில், "அது நான் போட்டதுதானா?" என்று கேட்டான். தன்னுடைய ஞாபகத்தின் மேலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஐயா. அத்தனை பயந்துபோயிருந்தான். நீ போட்டதுதான் என்று தலையசைத்தேன். என் கண்ணையே பார்த்துக்கொண்டு அவன் கட்டைவிரலை உயர்த்தினான்.

அரைமணி நேரத்தில் டைரக்டர் போன் செய்தார். முடிவில் வருகிற அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது, அது வேறு ஆள் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். கோமதிசங்கரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

என் கணக்குப்படி நான் மாத்திரையைக் கொடுக்கவேண்டிய நேரம் அதுதான். ரெக்கார்டிங் முடிந்துவிட்டது, நாலு நாள் மிச்சம். நான் கொடுக்கவில்லை. மறுநாள் சுமதி யாரையும் கேட்காமல் கார் பிடித்து அவனைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனது. அங்கே ஊசி, மாத்திரை எல்லாம் கொடுத்தார்கள். முதல் மூன்று நாளில் வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று சொன்னார்களாம். நானும் கூடப் போயிருந்தேன். வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மூன்று மாதம் பார்த்தார்கள், ஒரு காதும் திரும்பவில்லை. பழைய ரிப்போர்ட் வேண்டும் என்று சுமதி ராஜபாளையத்துக்குப் போனபோது டாக்டர், "அன்னைக்கே எழுதிக் கொடுத்தேனேம்மா, அவரு கூடப் பிறந்தவர்ட்ட" என்று சொல்லியிருக்கிறார். அவனுக்குக் கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. சுமதி நேராக ஸ்டேஷனுக்கு வந்தது. மாத்திரை அட்டையை ஐயா என் பையிலிருந்து எடுத்தீர்கள். ஒரு மாத்திரைகூடக் குறையாமல் இருந்தது.

பணத்துக்காகவா என்று ஐயா கேட்டீர்கள். இல்லை. பொறாமையா என்று கேட்டீர்கள். அதுவும் இல்லை என்றுதான் நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். பூசி மெழுகாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். இரண்டாம் நாள் கொடுக்காததற்குப் படம் காரணம். எட்டாம் நாள் கொடுக்காததற்குப் பயம் காரணம். பதினோராம் நாள் கொடுக்காததற்குக் காரணம் வேறு. சிறு திருத்தங்களுக்காக ஆர்க்கெஸ்ட்ராவை அந்த வாரக் கடைசியில் இன்னும் ஒருமுறை பேசி வைத்திருந்தோம். காது திரும்பினால் அவன் முதலில் போட்டுக் கேட்பது அந்த நாற்பது நொடியாகத்தான் இருக்கும். கேட்டால் அழித்துவிடுவான். அதனால் தெரிந்தேதான், நன்றாக யோசித்தேதான், அவன் காது திரும்பாமல் பார்த்துக்கொண்டேன். இது என் கையால் எழுதியது. யாரும் என்னை மிரட்டவில்லை.

போன வாரம் அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் உள்ளே எழுந்து போய்விட்டான். அவனை நான் குறை சொல்லவில்லை. எனக்கு ஒரு வருத்தம் மட்டும் தீரவே மாட்டேன் என்கிறது, ஐயா: அந்த நாற்பது நொடியை அவன் ஒரே ஒரு தடவை காதால் கேட்டிருந்தால் என்னை மன்னித்திருப்பான்.